வானூர்தியின் மூக்கும் மூச்சும்



1935-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் திகதி, மதராஸிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு சிறு விமானம் இரத்மலானையில் இறங்கிற்று. புதிதாக அமைக்கப்பட்ட அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. அதை ஓட்டி வந்தவர் மதராஸ் விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாசிரியர் டின்டல் பிஸ்கோ என்பவர். டி ஹவிலண்ட் நிறுவனத்தார் செய்த ‘புஸ் மொத்’ வகையைச் சேர்ந்த விமானம் அது. 1932 ஒக்டோபர் 15-ஆம் திகதி ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பைகளைச் சுமந்து சென்றதும் இதே வகை விமானத்திலேதான்.

இந்தப் புஸ் மொத் விமானத்தில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. முதலாவது, அதன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு முந்திய மொத் விமானங்களில் சிலிண்டர்களின் தலைகள் மூக்கின் மேலே துருத்திக்கொண்டு நின்றன. ஓட்டியின் பார்வையை மறைத்தன. எதிர்வரும் காற்றையும் கலைத்தன. எஞ்சினைக் கவிழ்த்து வைத்ததும் மூக்கின் மேற்புறம் தாழ்ந்து வழவழப்பாயிற்று. இரண்டாவது விசித்திரம் சக்கரங்களைத் தாங்கும் கால்களில் இருந்தது. அக்கால்களைச் சுற்றி மீன் உடல் போன்ற வடிவில் மெல்லிய உறை ஒன்று இடப்பட்டிருந்தது. ஓட்டி விரும்பினால் அவ்வுறையைக் கால்வட்டம் திருப்பிக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தலாம். தரையிறங்கும்போது விமானத்தின் வேகத்தைத் தணிக்கும் தடையாக அது பயன்பட்டது. உறை ஒன்றே, காற்றின் போக்கோடு நின்றால் அது இருப்பதே தெரியாது, குறுக்கே நின்றால் விமானத்தையே பிடித்து நிறுத்தும். காற்றின் இழுவை என்பது பொருளின் பருமனைக் காட்டிலும் அதன் வடிவத்தையே பெரிதும் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சிறிய விமானங்களின் எஞ்சினை மூடியிருக்கும் கூட்டையும், எஞ்சினின் புகை வெளியேறும் குழாயையும் திருத்தி அமைப்பதால் இந்த இழுவையை எவ்வாறு குறைக்கலாம் என்பதே இன்றைய பேச்சு. அக்கூட்டைக் கௌலிங் என்பர். நாம் எஞ்சின் கவசம் என்று வைத்துக்கொள்வோம். கலைப் பட்டதாரியாகிய பாடசாலை அதிபர் ஒருவர் எஞ்சினைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தேயிலை ஸ்டோர்களுக்கு நடுவே வாழ்பவனுக்குக் காற்றைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அந்த உரிமையின் காரணம் சற்றுப் பொறுத்து விளங்கும்.

இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதை எதிர்த்துச் செல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்தோடு கூடுகிறது. பத்து வீதம் வேகத்தைக் கூட்ட விரும்புபவன் ஏறத்தாழ முப்பத்துமூன்று வீதம் கூடுதலான வலுவைத் தேடவேண்டும். பெரிய எஞ்சின் வேண்டும். அதற்குப் பெரிய பெற்றோல் தாங்கி வேண்டும். இரண்டையும் சுமக்க வலிய உடல் வேண்டும். ஆகவே வலுவைக் கூட்டுவதைவிட இழுவையைக் குறைப்பதே ஏழைக்கு ஏற்ற வழியாகும்.

விமானத்தின் வேறு எந்த உறுப்பையும்விட எஞ்சின் இருக்கும் மூக்குப் பகுதியில் சிக்கல் அதிகம். ஏனெனில் வால், இறக்கை முதலியவை காற்றை விலக்கிச் சென்றாற் போதும்; மூக்கோ காற்றை உள்ளே வாங்கியும் ஆகவேண்டும். எஞ்சினில் எரியும் பெற்றோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்களவே உந்துவிசிறியைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். எஞ்சியதில் ஒரு பகுதி சிலிண்டர்களின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அச்சூட்டை அகற்றாவிட்டால் சிலிண்டரின் அலுமினியத் தலை வலுவிழந்து வெடிக்கும். இரத்மலானையில் மாணவர்கள் பயிலும் செஸ்னா போன்ற விமானங்களில் உள்ள லைக்கோமிங் எஞ்சின்கள் பலவற்றுக்கு, சிலிண்டர்த் தலையின் உச்ச வெப்பநிலை 260 பாகை செல்சியஸ் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்த வரம்பை அடிக்கடி தொடும் எஞ்சின் நெடுநாள் உழைக்காது.

ஆதியில் இருந்த வழி எளியது. எஞ்சினைத் திறந்தபடியே காற்றில் விட்டுவிட்டார்கள். நட்சத்திரம் போல் சிலிண்டர்கள் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின், தன் செதில்களால் காற்றைக் கலக்கிக்கொண்டு பறந்தது. குளிர்ச்சி கிடைத்தது, ஆனால் இழுவை மிகுந்தது. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள லாங்லி ஆய்வுக்கூடத்தில் பிரெட் வைக் என்னும் பொறியியலாளரும் அவர் தோழர்களும் 1928-இல் இதற்கு ஒரு கவசம் கண்டார்கள். எஞ்சின் முழுவதையும் மூடி, முன்னே வளைந்த உதடும் பின்னே ஒடுங்கிய இடைவெளியும் உள்ள வளையம் அது. கேட்டிஸ் நிறுவனத்தின் இராணுவ விமானம் ஒன்றில் அதைப் பொருத்திப் பறந்தபோது, மணிக்கு 118 மைலாக இருந்த வேகம் 137 மைலாயிற்று. எஞ்சினைத் தொடாமலே 83 பரிவலுவைக் கூட்டியதற்கு அது சமம் என்று கணக்கிட்டார்கள். 1929-ஆம் ஆண்டுக்குரிய கொலியர் விருது அந்தக் கவசத்துக்கே கிடைத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் டவுனெண்ட் என்பவரும் ஒடுங்கிய வளையம் ஒன்றை அமைத்து நற்பயன் கண்டார்.

இங்கே ஒரு புதிர் உண்டு. மூடிய எஞ்சினுக்குள் போகும் காற்று, திறந்த எஞ்சினைத் தாக்கும் காற்றைவிட மிகவும் குறைவு. இருந்தும் குளிர்ச்சி கெடவில்லை. எப்படி?

விடையை எங்கள் வட்டகொடைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றின் உள்ளே காணலாம். கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அடியிலே கம்பிவலை, அதன்மேல் கொழுந்து, ஒரு தலைப்பில் பெரிய விசிறி. விசிறி ஊதும் காற்று வலைக்குக் கீழே நிறைந்து, கொழுந்தின் ஊடாக மேலே வருகிறது. கொழுந்தைச் சமமாகப் பரப்பினால் இலைதோறும் காற்றுப் படும். ஓரிடத்தில் மெல்லியதாகப் பரப்பிவிட்டால் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியே ஓடிவிடும். அங்கே இலை கருகும், தடித்த இடத்திலோ வாடாமல் வேகும். விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றினாலும் பயனில்லை. ஓட்டை வழியே ஓடும் காற்றுத்தான் கூடும். அனுபவமுள்ள தொழிலாளி விசிறியைத் தொடமாட்டார். கையால் கொழுந்தைத் தள்ளிச் சமப்படுத்துவார்.

விமான எஞ்சினும் அப்படியே. காற்று வேண்டியது செதில்களுக்கு இடையே; வேறெங்கும் அன்று. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வெளியில் ஓடும் காற்று ஒரு பாகை வெப்பத்தையும் எடுக்காமல் வெளியேறும். ஆனால் அதை உள்ளே கொண்டுவரச் செலவழித்த வலு செலவழித்ததே. ஆதலால் தடுப்புத் தகடுகளை அமைத்து, காற்று செதில்களுக்கு ஊடாக மட்டுமே செல்லும்படி வழி அடைப்பர்.

இக்காலச் சிறு விமானம் ஒன்றின் மூக்கைப் பாருங்கள். உந்துவிசிறியின் இருபுறத்திலும் இரு கண்கள் போல வாயில்கள் இருக்கும். காற்று அவற்றின் வழியே புகுந்து, எஞ்சினுக்கு மேலேயுள்ள அறையில் நிறைகிறது. அங்கிருந்து செதில்களின் ஊடே கீழே இறங்கி, கவசத்தின் அடிப்புறத்து வாய் வழியாக வெளியே போகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள அமுக்க வேறுபாடே காற்றைத் தள்ளுகிறது. மணிக்கு 120 மைல் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்றினால் கிடைக்கக்கூடிய அமுக்கம் முழுவதையும் சேர்த்தாலும், அது ஒரு குழாயில் நீரை ஏறத்தாழ 7 அங்குலம் உயர்த்தும் அளவே. ஏறும்போது வேகம் 80 மைலாகக் குறைந்தால் அது 3 அங்குலத்தளவாகச் சுருங்கிவிடும். அதே வேளையில் எஞ்சினோ முழு வலுவில் கொதித்துக்கொண்டிருக்கும். இத்தனை சிறிய மூலதனத்தை வைத்துக்கொண்டு, கவசத்துக்கும் தகட்டுக்கும் இடையிலே விரல் நுழையும் சந்துகளை விட்டுவைப்பது ஊதாரித்தனமன்றி வேறென்ன? பழைய விமானங்களை ஆராய்ந்தால் ரப்பர் விளிம்புகள் கிழிந்தும் மடங்கியும் கிடக்கும். கவசத்தை மாற்ற எண்ணுபவர் கத்தரிக்கோலை எடுக்குமுன் இந்தச் சந்துகளை அடைப்பதே முறை. செலவும் சொற்பம், ஆபத்தும் குறைவு.

அடுத்தது வாயில். பலர் நினைப்பதற்கு மாறாக, பெரிய வாயில் அதிகக் குளிர்ச்சி தருவதில்லை. உள்ளே போக இடமில்லாத காற்று வாயிலில் தேங்கி, மீண்டும் வெளியே வழிந்து, கவசத்தின் வெளிப்புறத்தில் ஓடும் காற்றையும் குழப்பிவிடும். வாயில் சிறிதாகவும் உதடு உருண்டும் இருந்து, உள்வழி மெல்ல மெல்ல விரிந்து சென்றால், ஓடை அகன்ற இடத்தில் தணிவது போலக் காற்றின் வேகம் தணிந்து அமுக்கமாக மாறும். வழி திடீரென விரிந்தால் காற்று சுழித்து, அந்த அமுக்கம் வீணாகிவிடும்.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது வெளிவாயே என்பது என் துணிபு. எவ்வளவு காற்று ஓடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். வெளியேறும் காற்று, வெளியே ஓடும் காற்றோடு ஒரே திசையிலும் இயன்றவரை ஒரே வேகத்திலும் சேரவேண்டும். செங்குத்தாகக் கீழே கொட்டினால் காற்றுச் சுவர் ஒன்றை விமானத்தின் வயிற்றின் கீழ் எழுப்பியதாகும். வெளிவாயை ஒடுக்கினால் சமதள ஓட்டத்தில் இழுவை குறையும். ஏறும்போதோ எஞ்சின் சூடேறும். இந்த முரண்பாட்டுக்காகவே செஸ்னா 182 போன்ற விமானங்களில் வெளிவாய்க்குக் கீல் வைத்த கதவு இட்டிருக்கிறார்கள். ஏறும்போது திறப்பர், உயரத்தை அடைந்ததும் மூடுவர். நம் மலைநாட்டின் மேலே பறப்பவருக்கு இது அற்ப விஷயமன்று. பிதுருதாலகாலையின் உயரம் 8,281 அடி. அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும். சூட்டைச் சுமந்து செல்லும் காற்று அந்த அளவுக்குக் குறைகிறது. சரிவுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க வலுவைக் குறைக்கவும் முடியாது.

இத்தகைய திருத்தங்கள் கூடிச் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு மூனி நிறுவனத்தின் ‘201’ என்னும் விமானம் நல்ல எடுத்துக்காட்டு. 1970-களின் நடுப்பகுதியில் ரோய் லோபிரெஸ்டி என்ற பொறியியலாளர் பழைய மாதிரி ஒன்றை எடுத்து, எஞ்சின் கவசத்தைப் புதிதாக வரைந்தார், வாயில்களைச் சுருக்கினார், முன்கண்ணாடியைச் சரித்தார், சந்துகளை அடைத்தார். எஞ்சின் முன்னிருந்த அதே 200 பரிவலு. வேகமோ மணிக்கு 201 மைலாயிற்று. பெயரிலேயே அந்த எண்ணைப் பொறித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இனி மூச்சுக்கு, அதாவது புகைக்குழாய்க்கு வருவோம்.

1942 ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானியரின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. எச்சரிக்கை உரிய நேரத்தில் வராமையால் அவற்றுள் பல வீழ்ந்தன. எஞ்சினைக் குறைகூற அங்கே இடமில்லை. அந்த ஹரிக்கேனின் மேர்லின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் வயிற்றின் கீழேயிருந்த பெட்டியில் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்தது. அத்தகைய பெட்டிக்குள் காற்றைத் தணித்து, சூடேற்றி, ஒடுங்கிய வாயால் வேகமாக வெளிவிட்டால் இழுவையில் ஒரு பகுதியை மீளப் பெறலாம் என்று பாண்பரோ ஆய்வு நிலையத்தின் மெரெடித் 1935-இல் காட்டியிருந்தார். புகைக்குழாய்களிலும் அதே சிந்தனை புகுந்தது. ஒவ்வொரு குழாயின் வாயையும் பின்னோக்கித் திருப்பி, புகையை விசையோடு பின்னே எறிந்தார்கள். மேர்லின் எஞ்சினில் மணிக்கு 300 மைல் வேகத்தில் இதனால் ஏறத்தாழ 70 இறாத்தல் உதைப்புக் கிடைத்தது. ஸ்பிற்பயர் விமானத்தின் உச்ச வேகம் 10 மைல் கூடிற்று. அன்று கொழும்புக்கு வந்த சீரோ விமானங்களில் சிலிண்டர்களின் புகை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு வெளிவிடப்பட்டது. 1943-இல் வந்த புதிய சீரோவில் ஜப்பானியரும் தனித்தனிக் குழாய்களைப் பின்னோக்கி வைத்தார்கள். இறக்கையையும் குறுக்கிய அந்த மாதிரியின் வேகம் பழையதைவிட இருபது மைலளவு கூடியிருந்தது.

இதைக் கேட்டுச் சிறு விமானக்காரர் ஆசைகொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 பரிவலு எஞ்சின் ஒரு வினாடியில் வெளிவிடும் புகையின் நிறை அரை இறாத்தலுக்கும் குறைவு. அதை எவ்வளவு நன்றாகப் பின்னோக்கி எறிந்தாலும் ஏழு எட்டு இறாத்தல் உதைப்பே தேறும். 150 மைல் வேகத்தில் அவ்விமானத்தை எதிர்க்கும் இழுவையோ 350 இறாத்தல் அளவில் இருக்கும். நூற்றில் இரண்டு, வேகத்தில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. எனவே சிறு விமானத்தில் புகைக்குழாயைத் திருத்துவதன் உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. கவசத்துக்கு வெளியே தொங்கும் உருண்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குக் குறுக்கே நிற்கும் உருண்டைக் கம்பத்தின் இழுவை, அதே தடிப்புள்ள மீன்வடிவக் கம்பத்தின் இழுவையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். அக்குழாயைச் சரித்து, கவசத்தின் வெளிவாய்க்குள் ஒளித்து, பின்னோக்கி முடித்துவிட்டால் அந்த இழுவை பெரும்பாலும் போய்விடும். அதோடு, வேகமாக வெளிவரும் புகை தன்னைச் சூழ்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு செல்லும். விமானம் மெதுவாக ஏறும்போது, எதிர்க்காற்றின் அமுக்கம் சுருங்கிய அந்த வேளையிலே, புகையின் இழுப்பு எஞ்சினுக்குத் துணை செய்கிறது. ஊதும் விசிறி போதாதபோது மறுபுறத்தில் உறிஞ்சும் விசிறி ஒன்றை வைத்தது போலாகும்.

1953-இல் முதன்முதல் பறந்த செஸ்னா 310 விமானத்தில் இந்த முறையைக் கையாண்டார்கள். புகையும் குளிர்காற்றும் ஒரே குழாயில் சேர்ந்து இறக்கையின் மேலே வெளியேறின. ஆயினும் சத்தம் மிகுந்தது என்று 1964-இல் அதைக் கைவிட்டுப் புகையை இறக்கையின் கீழே திருப்பிவிட்டார்கள். வேகத்தை விரும்பி வாங்கியவரும் காது நோவதை எவ்வளவு காலம் பொறுப்பார்?

சத்தத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. நுவரெலியாக் குளிரில் அறைக்கதவைச் சாத்திக் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்குவது எத்தகைய அபாயம் என்பதை மலைநாட்டார் அறிவர். காபனோரொட்சைட்டு என்னும் அந்த நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எஞ்சின் புகையிலும் அது நிறைய உண்டு. சிறு விமானங்கள் பலவற்றில் ஓட்டியின் அறைக்கு வேண்டிய வெப்பத்தைப் புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்தே எடுக்கிறார்கள். குழாயில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் நஞ்சு அறைக்குள் வந்துவிடும். 2019 ஜனவரி 21-ஆம் திகதி, பிரான்சிலிருந்து வேல்ஸ் நோக்கிச் சென்ற பைப்பர் மலிபு விமானம் கடலில் வீழ்ந்து, காற்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் மாண்டார்கள். சாலாவின் குருதியில் இந்த நஞ்சு கலந்த அளவு நூற்றுக்கு 58 என்று பிரித்தானிய விசாரணையாளர் கண்டார்கள். விமானியும் நஞ்சினால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று முடிவு செய்தார்கள். வேகத்துக்காகக் குழாயை மாற்றியதன் விளைவு என்று இதைக் கூற வரவில்லை. புகைக்குழாயோடு விளையாடுபவர் எதனோடு விளையாடுகிறார் என்பதைக் காட்டவே கூறினேன். 800 பாகைச் சூட்டில் குழாய் நீளும், குளிரும்போது குறுகும், எஞ்சினோடு சேர்ந்து ஓயாமல் அதிரும். அதற்கு இடங்கொடுக்கும் மூட்டுகள் இல்லாமல் இறுக்கிப் பற்றவைத்த குழாய், எவ்வளவு அழகாக மறைக்கப்பட்டிருந்தாலும், ஒருநாள் வெடிக்கும். கவசத்தின் மெல்லிய தகட்டையோ பெற்றோல் குழாயையோ அது தொட்டுக்கொண்டிருந்தால் தீயும் பற்றும். ஆதலாற்றான் இத்தகைய மாற்றம் எதற்கும் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது. அலுவலகங்களின் தாமதத்தை நானும் பலமுறை சபித்திருக்கிறேன்; இந்த ஒரு விதியை மட்டும் சபிக்க மாட்டேன்.

அனுமதி பெற்றவர்கள் சோதிக்கும் முறை எங்கள் மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் ஒன்று. கவசத்தின்மேல் சிறு கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டிப் பறப்பார்கள். காற்று ஒழுங்காக ஓடும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். பிரிந்து சுழலும் இடத்தில் துடிக்கும், சில வேளை முன்னோக்கியும் திரும்பும். மேலறையிலும் கீழறையிலும் சிறு குழாய்களை வைத்து, வளைந்த கண்ணாடிக் குழாயிலுள்ள நீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெப்பமானி வேண்டும். நான்கின் சராசரி நன்றாயிருந்து ஒன்று மட்டும் வேகுமானால் அந்த ஒன்றே விமானத்தை வீழ்த்தும். வேகத்தை அளக்க ஒரே உயரத்தில் எதிரெதிர்த் திசைகளில் பறந்து, காற்றின் உதவியையும் எதிர்ப்பையும் கழித்துவிடுவார்கள். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டுமே. வெளிவாயைக் கால் அங்குலம் ஒடுக்கிய நாளில் தடுப்புத் தகட்டைத் தொடக்கூடாது. நல்ல வெயில் நாளில், நிறைந்த பாரத்தோடு, முழு வலுவில் ஏறிப் பார்த்து, நான்கு முட்களும் வரம்புக்குள் நின்றால் இன்னொரு கால் அங்குலம் ஒடுக்கலாம். ஒரு முள் வரம்பைத் தாண்டினால் முன்னிருந்த அளவுக்கே திரும்பி, அந்தச் சிலிண்டரின் தகடுகளில் எங்கே சந்து இருக்கிறது என்று விளக்கைப் பிடித்துத் தேடவேண்டும்.